இயக்குநர் நடக்காத மாதம்

அந்த அலுவலகத்துக்கு உதவித் தேவை மதிப்பீட்டு அலுவலகம் என்று பெயர். உதவி கேட்டு வருகிறவர் உண்மையிலேயே நடக்க முடியாதவரா, பார்க்க முடியாதவரா, இல்லை சும்மா சோம்பலா என்று கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. வாசலில் நெட்டுக்குத்தான படிகள். ஏறி வந்தவர்களைப் பார்த்து, "ஏறித்தானே வந்தீங்க, அப்புறம் என்ன?" என்பார்கள். ஏற முடியாதவர்களின் பெயரை உள்ளேயிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'ஆள் வரவில்லை' என்று எழுதிக்கொள்வார்கள். இப்படிப் பல வருஷங்கள் யாருக்கும் மனம் நோகாமல் நடந்துவந்தது. யாருக்கும் என்றால், உள்ளே உட்கார்ந்திருந்த யாருக்கும்.

குரலம்மா வருஷாவருஷம் யாரையாவது தூக்கிவிடச் சொல்லி அந்தப் படியேறிப் போக வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் உத்தியோகம். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு, குரலைக் கேட்காதவர்கள் ஊரில் கிடையாது. "கவனிக்கவும்" என்று அவள் ஆரம்பித்தால் நிலையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடச் சட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். சின்ன வயதிலேயே தசைகள் பலமிழந்துபோனதில் கால்கள் தரையில் ஊன்றாது. கைகள் தோளுக்கு மேல் எழும்பாது. விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியை அந்த விரல்களால் ஊசி நுழையும் இடத்தில்கூட ஓட்டிப்போவாள்.

ஆனால் நாற்காலிவரை வந்து சேர வேண்டுமே. அதற்குத்தான் அக்கா. அரசாங்கம் அனுப்பும் உதவியாள். தினமும் காலையில் வந்து குரலம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, தலைசீவி, நாற்காலியில் உட்காரவைத்து அனுப்புவாள். குரலம்மாவின் கணவருக்கு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. ஊர் எழுந்திருப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடுவார். ஆக, அக்கா வந்தால் குரலம்மாவுக்கு வேலை உண்டு, சம்பளம் உண்டு, நாலு மனிதர் முகம் உண்டு. அக்கா வராவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அக்கா அவளுக்கு இன்னும் தேவையா என்றுதான் ஒவ்வொரு வருஷமும் அலுவலகத்துக்குச் சந்தேகம் வரும். "இந்த வருஷமும் நடக்க முடியலையா?" என்று கேட்பார்கள். ஏதோ அவள் முயற்சி போதாமல் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி.

அப்புறம்தான் புது இயக்குநர் வந்தார். அவருக்குச் சீர்திருத்தத்தில் கொள்ளைப் பிரியம். வந்த வேகத்தில் ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"இதுவரைக்கும் நாம அவங்களை வெளியிலேர்ந்து பார்த்தோம். இனிமே உள்ளேர்ந்து பார்க்கப்போறோம். மதிப்பிடறவங்களும் அந்த நிலைமையில இருந்துதான் மதிப்பிடணும். அவங்க வலி நமக்கு வலிக்கணும். அதுக்காகத்தான் நான் வெளிநாட்டுக்கே போய் மெத்தை வெச்ச நாற்காலியா பார்த்து வாங்கிட்டு வந்திருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் ஒரு சாய்தளம் கட்டலாமே என்று குமாஸ்தா மெதுவாகக் கேட்டார். அந்தக் கோப்பு ஏற்கெனவே தன்னிடம் வந்ததாகவும், 'தேவை எழவில்லை' என்று எழுதித் திருப்பிவிட்டதாகவும் இயக்குநர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்குத் தேவை எழவில்லை.

புது முறையின் முதல் மதிப்பீட்டுக்குக் குரலம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய மேசைகளைக் கொண்டுபோகும் பின்வாசல் வழியாக அவளை ஒரு கூடத்துக்குள் விட்டார்கள். உள்ளே போனவளுக்குத் தலைகால் புரியவில்லை. இயக்குநர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆசையில் எழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கால்களையும் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வாரம் ஒருநாள் வெளியூரிலிருந்து வரும் டாக்டர் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். குமாஸ்தா காது நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா," என்றார் இயக்குநர், கண் கலங்க. "இப்போ நாங்களும் உங்களை மாதிரிதான்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்," என்றாள் குரலம்மா.

மேசைக்கு இடப்பக்கம் விண்ணப்பதாரர், வலப்பக்கம் மதிப்பீட்டாளர் என்று ஏற்பாடு. ஆனால் அந்தக் கூடத்தின் தரை ஒருபக்கம் சாய்வு. இயக்குநருக்கு நாற்காலியில் தடுப்புக் கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வரவேற்கும் ஆர்வத்தில் கையை விரித்தார். நாற்காலி கிளம்பிவிட்டது. மேசையைச் சுற்றி, அலமாரியில் ஒரு முட்டு முட்டி, தண்ணீர்க் கூஜாவை மடியில் கவிழ்த்துக்கொண்டு, இடப்பக்கம் போய் நின்றார். அவர் மேலே வந்து விழாமல் இருக்கக் குரலம்மா லாகவமாக ஒதுங்கி, வலப்பக்கம் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் மேசையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இடம் மாறிப்போச்சு டாக்டர்," என்றாள் குரலம்மா. நிலையமே நிமிர்கிற குரல். அதைக் கேட்டதும் டாக்டர் விறைத்து நின்றார். இந்தக் கம்பீரம் ஒரு மேலதிகாரிக்குத்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்துகொண்டார்.

"சரிங்க மேடம்," என்றார்.

"மேடம் எல்லாம் இல்ல. நான்தான் உதவி கேட்டு வந்திருக்கறவ. நடக்க முடியாதது எனக்குத்தான்."

டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆகா! முழுசா அவங்களாவே மாறிட்டீங்க மேடம். இந்த முறையை இவ்வளவு ஆழமா உள்வாங்கின அதிகாரியை நான் பார்த்ததே இல்ல." துணிக்குள்ளேயே அழுதார். பிறகு குனிந்து, கைக்குக் கிடைத்த இயக்குநரின் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். வார் இறுக்கியதில் அவர் கால் அதற்குள் மரத்துப்போயிருந்தது. ஊசியால் குத்தினார். அசைவில்லை.

"ஐயோ பாவம். சுத்தமா உணர்ச்சி இல்ல."

"யோவ், நான் இயக்குநர்யா!" என்று கத்தினார் இயக்குநர்.

"தன் நிலைமையை ஏத்துக்க மறுக்கிறார்," என்று டாக்டர் உரக்கச் சொன்னார். "அதுக்குத் தனியா மதிப்பெண் உண்டு. எழுதிக்குங்க."

குமாஸ்தாவுக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அவர் நேர்மையானவர். இரண்டு பக்கத்துக்கும் அங்கே இருந்தவரின் பெயரையே போட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். இடப்பக்கம் இருப்பவருக்கு நாற்காலியைத் திருப்பத் தெரியவில்லை, கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியவில்லை, காரணமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், மடி நனைந்திருக்கிறது. வலப்பக்கம் இருப்பவரோ நாற்காலியின் கால்மிதியால் கதவைத் தள்ளித் திறந்து, காற்று வர வழி செய்து, சுவரில் மோதப்போன டாக்டரை வாயசைவிலேயே பத்திரமாகக் கொண்டுவந்து நாற்காலியில் சேர்த்துவிட்டார்.

கடைசியில் கையெழுத்து. பதவிக்கு வந்த நாளிலிருந்து நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கம் இயக்குநருக்குக் கிடையாது. அன்றும் போட்டார். குமாஸ்தா பொத்தானை அழுத்தினார். முடிவு கணினி வழியாக மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இயக்குநருக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். கடும் தேவை, உதவியாள் உடனே அனுப்பப்படும். குரலம்மாவுக்குப் பூஜ்யம். 'இவருக்கு எந்த உதவியும் தேவையில்லை. இவர் பிறருக்கு உதவக்கூடியவர்.'

விஷயம் தெரிந்ததும் குரலம்மா கூடத்தை விட்டு நகர மறுத்துவிட்டாள். "ஐயா, உங்களுக்கே தெரியும் இது தப்புன்னு. ஒரு வரி எழுதித் திருத்துங்க. அக்கா வரலைன்னா நான் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. என் வேலை போயிடும்."

கால் கட்டை அவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்த இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அம்மா, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க. இது புது முறையோட முதல் முடிவு. மேலிடத்துலேர்ந்து கணினியில பாராட்டுக் கடிதமே வந்தாச்சு. இது தப்புன்னு நான் எழுதினா முறையே தப்புன்னு ஆயிடும். முறை தப்பா இருக்க முடியாது. ஏன்னா அதை உருவாக்கின குழுவுக்கு நான்தான் தலைவர். அதனால முடிவு சரி. முடிவு சரின்னா..." கொஞ்சம் நிறுத்தினார். கணக்கு எங்கே போய் முடிகிறது என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாகக் காலை மறுபடியும் கால்மிதியில் வைத்துக்கொண்டார்.

"...எனக்கு நடக்க முடியாது," என்றார்.

மறுநாளிலிருந்து இயக்குநர் நடக்கவில்லை. வாசல் படியில் நாலு ஊழியர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கோப்பைத் தேடி எடுத்துச் சாய்தளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே கட்டி முடித்தார்கள். வழவழவென்று, இருபுறமும் கைப்பிடி வைத்து.

குரலம்மாவின் வீட்டில் நிலைமை வேறு. ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்திலேயே கணவர் அவளை எழுப்பிக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரொட்டி கருகியது. முதலாளி முறைத்தார். குரலம்மா, பூட்டிக் கிடந்த பேருந்து நிலையத்தின் வாசலில் வாயிற்காப்போன் வரும்வரை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் கடையை விட்டுடட்டுமா?" என்று கேட்டார் கணவர்.

"விட்டுட்டு ரெண்டு பேரும் கூரையைப் பார்க்கலாம்கறீங்களா?" என்றாள் அவள். சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

தூக்கமில்லாமல் ஒருநாள் மைக்கின் முன் கண் சொக்கிவிட்டது. மலைக்குப் போகிற வண்டியைக் கடற்கரைக்குப் போகிறது என்று அறிவித்துவிட்டாள். அவள் குரலின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. முன்னால் பெரிய எழுத்தில் மலையின் பெயர் இருந்தும், நீச்சல் உடையும் தொப்பியுமாக ஒரு கூட்டம் குழந்தைகுட்டிகளோடு ஏறி உட்கார்ந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னை வேலையை விட்டு அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்," என்றார்.

இதே நேரத்தில், உத்தரவுப்படி இயக்குநர் வீட்டுக்கு மாற்றப்பட்ட அக்கா அங்கே கடமையைச் செய்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு ஆகிருதியும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

"நானே குளிச்சுக்கறேம்மா. நீங்க சும்மா உட்கார்ந்துட்டுப் போங்க," என்று கெஞ்சினார் இயக்குநர்.

"ஆர்டர்ல குளிப்பாட்டணும்னு இருக்குங்க. கையைத் தூக்குங்க."

"எனக்குக் கூச்சமா இருக்கு."

"எல்லாருக்கும்தான் இருக்கும். உங்க ஆபீஸ் பாரத்துல அதுக்குக் கட்டம் போட்டிருக்கீங்களா? இல்லையே. கண்ணை மூடிக்குங்க, சோப்பு போடறேன்."

இயக்குநரின் மனைவி அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள். வாய் துடைத்துவிடும் கட்டம் வந்தபோது இயக்குநர் உடைந்துவிட்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். இங்க வந்ததா நான் கையெழுத்து போடறேன். நீங்க அந்தம்மாகிட்டயே போங்க."

அக்கா துண்டைக் கொடியில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவைத் திறந்துகொண்டு அவள் நின்றதைப் பார்த்ததும் குரலம்மா கேவிக் கேவி அழுதாள். அப்புறம் இயக்குநரின் குளியலை அக்கா நடித்துக் காட்டினாள். சிரித்ததில் குரலம்மாவுக்கு விக்கல் எடுத்தது. மலைக்குப் போகிறவர்கள் மறுபடியும் மலைக்கே போகத் தொடங்கினார்கள்.

ஆனால் இந்த நிம்மதி முழுக்க இயக்குநரின் நாற்காலியின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்தால் உத்தரவு ரத்து. அக்கா வேறு ஊருக்கு. அவர் அடிக்கடி தொலைபேசியில் புலம்புவார்.

"முடியலம்மா. மேல் அலமாரியில இருக்கறது எதுவும் எட்டல. மாடிக்குப் போக முடியல. யாரைப் பார்த்தாலும் என்னைப் பார்க்காம, என்னைத் தள்ளிட்டு வர்றவன்கிட்ட 'சார் சாப்பிடறாரா'ன்னு கேட்கறாங்க. ஒரு மாசமா நடக்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் ஐயா," என்றாள் குரலம்மா. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

அந்தக் கொஞ்ச நாளைக்கும் ஆபத்து வந்தது. புது முறையின் வெற்றியை நேரில் பார்க்க ஆணையரே வருகிறார் என்றார்கள். கூடத்தில் விழா. முன்வரிசையில் இயக்குநர், நாற்காலியில். கண்கட்டை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்திருந்த டாக்டர் ஒருபக்கம். அவர் இன்னும் யார் யார் என்று சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. உதவி பெற்ற பயனாளிக்குச் சாட்சியாக அக்கா. உதவியே தேவைப்படாத முன்மாதிரிக் குடிமகள் என்ற முறையில் மைக் முன்னால் குரலம்மா.

"கவனிக்கவும்," என்றாள் அவள். "ஆணையர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்."

கதவு திறந்தது. ஆணையர் உள்ளே வந்தார். மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்பது இயக்குநரின் உடம்பில் ஊறிப்போன விஷயம். மூளைக்கு அதில் வேலை கிடையாது. விருட்டென்று எழுந்து, இரண்டடி முன்னால் நடந்து, குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்குக் காலையில் அக்கா இல்லை என்று மட்டும் குரலம்மாவுக்குத் தோன்றியது. இயக்குநர் பாதிக் குனிந்தபடியே நின்றார். நிமிர்வதா, விழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆணையரின் உதடு துடித்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நடந்தார்!" என்றார். "பார்த்தீங்களா? தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு மேல வாங்கின மனுஷன், ஒரு மாசத்துல நடந்தார்! இத்தனை வருஷமா நாம உதவி குடுத்துட்டே இருந்தோம், ஒருத்தராவது எழுந்து நின்னாங்களா? ஏன்? தப்பான ஆட்களுக்குக் குடுத்தோம். உதவின்னா அது ஒரு மாசத்துல தேவையில்லாமப் போகணும். அதுதான் உதவி. மத்ததெல்லாம் செலவு. எங்க அந்த உதவியாள்?"

அக்காவை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆணையர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சோப்பு போட்டேன், அவ்வளவுதான்," என்றாள் அக்கா.

"என்ன அடக்கம்!" என்றார் ஆணையர். "இந்த அம்மாவை வீணாக்கக் கூடாது. இயக்குநருக்குக் குணமாயிடுச்சு. அடுத்து யாரை எழுப்பி நிற்க வைக்கலாம்?"

இயக்குநர் நிமிர்ந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தார். குரலம்மாவின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அவர் மனிதர்தானே. அவர் முதுகுக்கும் சோப்பு போட்டிருந்தார்கள்.

"இவங்களை," என்று கையை நீட்டிக் காட்டினார்.

"இவங்களுக்குப் பூஜ்யமாச்சே?"

"அது போன மாச பூஜ்யம் ஐயா," என்றார் இயக்குநர். "நிலைமை மாறியிருக்கு."

ஆணையர் அங்கேயே உத்தரவு எழுதினார். உதவியாள் மறுநாள் முதல் குரலம்மாவிடம் பணியாற்ற வேண்டும். ஒரு மாத முடிவில் பயனாளி இதே கூடத்துக்கு நடந்து வந்து, நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். விழா முடிந்ததும் இயக்குநர் புதுச் சாய்தளத்தில் துள்ளிக் குதித்து இறங்கி, மாடிப்படி உள்ள ஏதாவது ஒரு வீட்டைத் தேடுகிறவர் போல் தெருவில் ஓடினார்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். திரைச்சீலையை விலக்கினாள். வெந்நீர் வைத்தாள். அப்புறம் உத்தரவைக் கட்டிலின்மேல் விரித்துப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாசத்துல நீ நடக்கணுமாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. நான் என்ன பண்ணித் தொலைக்கறது?"

"முதல்ல என்னைக் கட்டில்லேர்ந்து தூக்குங்க அக்கா. வண்டி கிளம்பற நேரமாச்சு."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. மாசக் கடைசியில என்ன பண்ணுவ?"

"அதுக்குள்ள அவங்க வேற ஏதாவது சீர்திருத்தம் கொண்டுவந்துடுவாங்க."

"கொண்டுவரலைன்னா?"

குரலம்மா யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்பில் வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அக்கா பக்கத்தில் நின்றாள். இன்றைய நாள் கைக்கு வந்துவிட்டது.

"கொண்டுவரலைன்னா," என்றாள், "ஆணையரையும் ஒருநாள் அந்த நாற்காலியில உட்காரவெச்சு மதிப்பெண் போட்டுட வேண்டியதுதான். டாக்டருக்குக் கண்ணைக் கட்டறதுக்கு நான் ஆச்சு."

அக்கா அவளைப் பாதி தூக்கியிருந்தாள். சிரிப்பில் கை நழுவி, இரண்டு பேரும் கட்டிலில் தொப்பென்று விழுந்தார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா மறுபடியும் முதலிலிருந்து தூக்க வேண்டியிருந்தது.